மலையேறும் வண்டு



உலக வெப்பமயமாதல் என்றதும் உருகும் பனிப்பாறைதான் பிள்ளைகளின் நினைவுக்கு வருகிறது. நானோ வகுப்பில் ஒரு சிறு வண்டைப் பற்றிச் சொல்வதுண்டு.

காப்பிக்காய்த் துளைப்பான் என்பது அதன் பெயர். நீளம் இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. பெண்வண்டு காயைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழுக்கள் கொட்டையைத் தின்று வளரும். ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே அதனால் பெருக இயலாது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் விளையும் அராபிகா காப்பிக்கு அக்குளிரே வேலியாக இருந்தது.

அவ்வேலி இப்போது தளர்கிறது. எத்தியோப்பியாவின் ஜிம்மா பகுதியில், 1984-க்கு முன்னர் இவ்வண்டு ஆண்டுக்கு ஒரு தலைமுறையைக்கூட நிறைவு செய்ய முடியாத குளிர் நிலவியது. அதன்பின் ஓரிரு தலைமுறைகள் பெருகும் அளவுக்கு வெப்பம் உயர்ந்தது என 2009-இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது.

"உழவர்கள் தோட்டத்தை இன்னும் மேலே மாற்றிக்கொள்ளலாமே, ஐயா?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால், மலைக்கும் உச்சி உண்டல்லவா? மேலே செல்லச் செல்ல நிலம் குறுகும், காடும் அழியும். செடிகளுக்கிடையே நிழல்மரங்களை வளர்த்தால் தோட்டத்தின் வெப்பம் சில பாகை தணியும் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். அச்சத்தை மட்டும் கற்பித்தால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

நாம் காலையில் அருந்தும் காப்பிக்குப் பின்னால் எங்கோ ஒரு சிறு உழவரின் ஆண்டு வருமானம் இருக்கிறது. வீட்டிலும் இதைப் பிள்ளைகளோடு பேசுவோமே.