கல்தூசிக்குக் கழிவு உண்டா?

மயிலாடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உளிச் சத்தம் கேட்கும் என்று எழுதினால் நம்பிவிடுவீர்கள். இப்போது கேட்பது பெரும்பாலும் கட்டர் மிஷினின் அலறல். உளி கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். மிஷின் மாவாக்கிப் பறக்கவிடும். அந்த மாவு சிலை செய்கிறவரின் நெஞ்சுக்குள் போய்க் குடியிருக்கும். சிலிகோசிஸ் என்கிறார்கள். வந்தால் தீர்க்க மருந்து கிடையாது. மருந்துவாழ்மலை பக்கத்தில் நின்று என்ன செய்ய!

எனக்குத் தெரிந்த சிற்பி ஒருவருக்கு வயது 68. நாலு படி ஏறினால் இளைக்கும். மகன் சென்னையில் ஒன்பது லட்சம் சம்பளக்காரன். அப்பா பேரில் மருத்துவக் காப்பீடு எடுத்து, கடைசியாக 42,000 ரூபாய் கட்டியிருக்கிறான். ஊருக்கு வந்தவன் கேட்டான்: "மாமா, இனி இதைக் கட்டணுமா? டாக்ஸ்ல ஒண்ணும் கழியாதாமே?"

கேள்வி நியாயம்தான். பழைய வரிமுறையில் 80டி என்று ஒரு பிரிவு. தனக்கும் மனைவி மக்களுக்கும் கட்டும் பிரீமியத்தில் 25,000 வரை கழிக்கலாம். அப்பா அம்மாவுக்குத் தனியாக 25,000. அவர்கள் 60 வயதைத் தாண்டியிருந்தால் 50,000. அவர்கள் நம் சம்பாத்தியத்தில்தான் சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். (மாமனார், மாமியாருக்குக் கட்டினால் கழியாது. சட்டம் எழுதினவருக்கு மருமகன்கள் மேல் என்ன கோபமோ!) இப்படி அவனுக்கு மிச்சமானது, செஸ் சேர்த்து 8,736 ரூபாய்.

2020-ல் வந்த புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை. 2023-24 முதல், நாம் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் புதிய முறைதான். 2025-26-க்கு அதில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே கிடையாது. இவன் பழைய முறையில் வீட்டு வாடகைக்கு ஒரு லட்சம், பி.எஃப். வகையில் ஒன்றரை லட்சம், 80டி எல்லாம் கழித்தாலும் 25,064 ரூபாய் வரி வரும். 80டி-க்கு ஆசைப்படுவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை.

தூசியைத் தின்கிற கூலிக்காரருக்கு வரியும் இல்லை, கழிவும் இல்லை. குடும்ப வருமானம் வருஷம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு. மாசம் பத்தாயிரத்தைத் தாண்டினால் அதற்கும் கேள்வி வரும்.

அவனிடம் நான் வரிக் கணக்கை விட்டுவிட்டு வேறு கணக்கு சொன்னேன். "மக்கா, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கம்பெனிக்காரன் மூணு வருஷம் வரை காக்க வைக்கலாம். அதை உங்க அப்பா கடந்தாச்சு. இப்ப பாலிசி அத்துப்போனா, இந்த நெஞ்சை வச்சுக்கிட்டுப் புதுசா எவன் கொடுப்பான்? கொடுத்தாலும் திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணணும்."

இன்னொன்றும் உண்டு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பிரீமியத்தை ஏற்றாமல் இருந்தால் 42,000 கட்டினவன் 35,600 கட்டினால் போதும். போன 8,736-ல் 6,400 இந்தப் பக்கமாகத் திரும்பி வந்தது.

கெடு முடிந்து, சலுகை நாளில் இன்னும் பதினோரு நாள் பாக்கி இருந்தது. அவன் செல்போனை எடுத்தான்.

"இனி ரொக்கமாக் கட்டினாலும் கேக்க ஆளில்லை, என்னா மாமா?" என்றான்.