மமீபாயின் வழக்கும் தீவின் வக்கீலும்

வழக்குரைஞர்கள் சட்டம், 1961-இன் மூன்றாம் பிரிவை யாரும் ரசித்துப் படிப்பதில்லை. எந்த மாநிலத்துக்கு எந்த பார் கவுன்சில் என்று சொல்லிக்கொண்டே போகிற வறண்ட பட்டியல் அது. ஆனால் யூனியன் பிரதேசங்களை யாரோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். புதுச்சேரி தமிழ்நாட்டோடு, லட்சத்தீவு கேரளத்தோடு. இரண்டுக்கும் காரணம் கேட்க வேண்டியதில்லை. அந்தமான் நிக்கோபார் மேற்கு வங்கத்தோடு. நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல், கப்பலில் மூன்று நாள். 1953-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லையைத் தீவுகள் வரை நீட்டினார்கள். நீதிமன்றம் போன வழியில் வக்கீல்களின் பதிவேடும் போனது. தீவுக்கென ஒரு சட்டக் கல்லூரி அண்மைக் காலத்தில்தான் வந்தது. அதுவும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் தொடங்கியது. ஆக, போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பிறந்த ஒரு பெண், உள்ளூரிலேயே சட்டம் படித்து, புதுச்சேரியின் பட்டம் வாங்கி, கொல்கத்தாவின் ஏட்டில் பெயர் ஏற்றிக்கொண்டு, திரும்ப உள்ளூர்க் கோர்ட்டிலேயே கவுன் மாட்டிக்கொள்ளலாம்.

இதைக் கேட்டவுடன் தூரத்தைப் பற்றிப் புலம்பத் தோன்றும். எனக்கு அந்தப் புலம்பலில் அக்கறை குறைவு. ஏடு எந்த ஊரில் இருந்தால் என்ன, ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் நாடு முழுக்க வழக்காடலாம். அந்த உரிமையைத் தருகிற 30-ஆம் பிரிவு 1961-இல் எழுதப்பட்டு, 2011 ஜூன் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பது தனிக் கூத்து. பதிவுக் கட்டணம் என்று மாநிலத்துக்கு மாநிலம் பதினைந்தாயிரம் முதல் நாற்பதாயிரத்துக்கு மேல் வரை கறந்துகொண்டிருந்ததையும் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் நிறுத்தியது. சட்டத்தில் எழுதியிருப்பது 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125. அதற்கு மேல் ஒரு காசு கூடாது என்றது. ஆகவே பணமும் தூரமும் பழைய அளவுக்குத் தடையில்லை. என் குறை வேறு. பட்டம், பதிவு, தேர்வு என்ற இந்தப் பாதையில் எந்த இடத்திலும், ஒரு கட்சிக்காரரின் எதிரே உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டு, அதை ஒரு மனுவாக எழுத உனக்குத் தெரியுமா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்பதில்லை.

எதையாவது கேட்பது அகில இந்திய பார் தேர்வு மட்டும். 2011-இல் தொடங்கியது. நூறு கேள்விகள், விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், குறிப்பில்லாத சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தொழில் ஒழுக்கத்துக்கு நூற்றில் நான்கு கேள்விகள். தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்டவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் இதில் தேறினால் தொழில் சான்றிதழ் கிடைக்கும். இருசக்கர வண்டி உரிமம் கேட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனவன்கூட ஆய்வாளர் முன்னால் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒருவனை ஜாமீனில் எடுக்கவும் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றவும் உரிமம் கேட்பவர் எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை.

தேர்ச்சிக்கும் தொழிலுக்கும் உள்ள தூரத்தைக் காந்தியின் 'சத்திய சோதனை'யைப் போலப் பச்சையாகச் சொன்ன புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. லண்டனின் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் ஆக இரண்டு காரியங்கள் தேவைப்பட்டன. சில தேர்வுகள் எழுத வேண்டும். பன்னிரண்டு பருவங்கள் விருந்து மேசையில் ஆஜராக வேண்டும். நான்கு பேர் அமரும் மேசைக்கு இரண்டு புட்டி ஒயின். குடிக்காத காந்தியைத் தங்கள் மேசைக்கு இழுக்கப் போட்டி இருந்ததாம். மிச்சமுள்ள மூவருக்குப் பங்கு கூடுமே. 1891 ஜூன் 10-இல் பாரிஸ்டர் ஆனார், 11-இல் உயர் நீதிமன்றத்தில் பதிந்தார், 12-இல் கப்பலேறினார். ரோமானியச் சட்டம் படித்திருந்தார். பிராது எழுதத் தெரியாது. பம்பாயில் கிடைத்த முதல் வழக்கு ஸ்மால் காஸ் கோர்ட்டில், மமீபாய் என்ற பெண்ணுக்காக. கட்டணம் முப்பது ரூபாய். வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். என்னால் ஆகாது, வக்கீல் பட்டேலை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டேல் ஐம்பத்தோரு ரூபாய் வாங்கிக்கொண்டு வழக்கை நடத்தினார். இந்தக் கதையைக் கூச்ச சுபாவத்துக்கு உதாரணமாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அவரைப் பாரிஸ்டர் என்று முத்திரை குத்தி அனுப்பிய ஏற்பாட்டைப் பற்றிய கதையாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். அதே மனிதர் தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லாவின் வழக்கில், அனுபவமுள்ள வக்கீல்களின் பக்கத்தில் இருந்து, கணக்குப் புத்தகம் பார்க்கக் கற்றுக்கொண்டு, தொழிலைப் பிடித்துவிட்டார். சுபாவமா மாறியது? பக்கத்தில் ஆள் இருந்தது. இன்னொன்றும் உண்டு: காந்தி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எல்லா ஜூனியரும் கொடுப்பார்கள் என்று நம்பி ஒரு தொழிலை அமைக்க முடியாது.

இது புதிய ஞானமும் அல்ல. 1961 சட்டம் முதலில் எழுதப்பட்டபோது பயிற்சியும் அதன் முடிவில் தேர்வும் அதிலேயே இருந்தன. 1973 திருத்தம் அவற்றை எடுத்துவிட்டது. 1995-இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை விதியாகக் கொண்டுவந்தது. நாடாளுமன்றம் எடுத்ததை நீங்கள் எப்படித் திரும்பக் கொண்டுவரலாம் என்று 1999-இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பயிற்சி போன இடத்தில் பிறகு வெறும் தேர்வு வந்து அமர்ந்தது. 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தேர்வு செல்லும் என்றது. கூடவே சுதீர் தீர்ப்பு சரியான சட்டம் அல்ல என்றும் சொன்னது. தேர்வைக் காப்பாற்றிய அந்தத் தீர்ப்பு பயிற்சிக்கும் கதவைத் திறந்து வைத்தது. 

மேலே உள்ளவர்கள் தங்களுக்கென்று வரும்போது தேர்வை மட்டும் நம்புவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும் பதிவு வழக்குரைஞர் ஆக, நான்கு ஆண்டு அனுபவம், அதன்பின் ஓராண்டுப் பயிற்சி, அதன்பின் தேர்வு. சிவில் நீதிபதி வேலைக்கு விண்ணப்பிக்க மூன்று ஆண்டு வழக்காடியிருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2025 மே மாதம் அதே நீதிமன்றம் மீட்டது. அந்த மூன்று ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது? தேர்வில் தேறிய நாளிலிருந்து அல்ல, தற்காலிகப் பதிவு நாளிலிருந்து. அனுபவத்தை எண்ணும்போது தேர்வு அங்கே கணக்கிலேயே இல்லை. நீதிபதியின் நாற்காலிக்கு மூன்று ஆண்டு கோர்ட் பழக்கம் கட்டாயம். அந்த நாற்காலிக்கு எதிரே, கைவிலங்கோடு நிற்பவனுக்காகப் பேச எழுபவருக்கு அது தேவையில்லை.

மறுப்பு வலுவானது. சீனியரின் தயவில் உரிமத்தைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தீவின் வரலாறே சாட்சி. சாவர்க்கர் லண்டனின் கிரேஸ் இன்னில் எல்லாத் தேர்வும் தேறியவர். அவருடைய அரசியலுக்காக 1909-இல் அங்கிருந்த மூத்தவர்கள் அவரைப் பாரிஸ்டராக ஏற்க மறுத்தார்கள். 1911-இல் செல்லுலார் சிறைக்கு வந்தபோது அவர் உரிமம் இல்லாத பாரிஸ்டர். இன்று தீவுகளுக்கு மேலிருக்கும் அதே கல்கத்தா உயர் நீதிமன்றம்தான் 1916-இல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரியை, பெண் என்பதற்காக வக்கீலாக்க மறுத்தது. 1923-இல் தனிச் சட்டம் வந்துதான் அது தீர்ந்தது. நம் வ.உ.சி. 1908-இல் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைந்து, அந்தமான் பார்க்காமலேயே 1912-இல் வெளியே வந்தார். வக்கீல் சன்னது போய்விட்டிருந்தது. அதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நன்றி பெரியதுதான். ஆனால் பிள்ளைக்குப் பெயர் வைத்து நன்றி சொல்லும்படி உரிமம் ஒருவரின் கருணையாக இருந்த காலம் அது. பெயர் தெரியாத விடைத்தாளைத் திருத்தும் தேர்வு அந்தக் கருணையை ஒழித்தது. அதற்காக நான் அதை மதிக்கிறேன், அது இருக்கட்டும் என்றே சொல்வேன். பயிற்சியைச் சீனியரின் சலுகையாக வைக்காமல், பாரின் கடமையாக, புதியவரின் உரிமையாக எழுதினால் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கும். சீனியர் தர வேண்டியது மதிப்பெண் அல்ல, இன்னின்ன நாளில் இன்னின்ன வழக்கில் உடனிருந்தார் என்ற குறிப்பு. நீதிமன்ற நாட்குறிப்போடு அதைச் சரிபார்க்கலாம்.

கல்லூரியிலேயே இன்டர்ன்ஷிப் உண்டே என்பார்கள். ஐந்தாண்டுப் படிப்புக்கு இருபது வாரம், மூன்றாண்டுக்குப் பன்னிரண்டு என்று விதி இருக்கிறது. அதை முடித்ததாகக் கையெழுத்து வாங்குவது எப்படி என்று எந்த மாணவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தவிர, மாணவருக்கு வக்காலத்து கிடையாது. பொறுப்பு இல்லாத கையால் தொழில் பழகாது.

தீவில் இதெல்லாம் நடக்குமா, அங்கே சீனியர்கள் எத்தனை பேர் என்று கேட்பவர்களுக்கு, மற்ற ஊர்களைவிட அங்கேதான் நன்றாக நடக்கும் என்பது என் எண்ணம். மாவட்ட நீதிமன்றமும் உயர் நீதிமன்ற அமர்வும் ஒரே சிறிய ஊரில் இருப்பது இந்தியாவில் எத்தனை இளம் வக்கீலுக்கு வாய்க்கும்? கொல்கத்தாவிலிருந்து நீதிபதிகள் முறை வைத்து அமர்வுக்கு வருகிறார்கள். ஜாமீன் மனுவும் ரிட் மனுவும் நிலத் தகராறும் ஒரே சாலையில். கற்க வேண்டியதும் அங்கே புத்தகத்துக்கு வெளியேதான் அதிகம். 1956-இன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, 1966-இன் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை, நிக்கோபாரியரின் துஹெத் என்ற கூட்டுக்குடும்பம் நிலத்தை எப்படி வைத்திருக்கிறது என்பது. நாடு முழுவதற்குமான நூறு கேள்விகளில் இவற்றுக்கு இடம் இருக்க நியாயமில்லை. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பத்தின் பாட்டி தமிழில் சொல்வதை, குமாஸ்தா இந்தியில் கேட்டு, மனு ஆங்கிலத்தில் போக வேண்டும். நடுவில் என்னென்ன விழுந்துபோகும் என்று சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே நான்கு முறை கோட்டை விட்ட ஒரு சீனியர் வேண்டும்.

மிச்சம் இருப்பது காசு. பயிற்சி என்ற பெயரில் கேஸ் கட்டுத் தூக்கவைத்து மாதக் கடைசியில் கையை விரிப்பது நம் வக்கீல் அலுவலகங்களின் பழைய வழக்கம். வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகள் இதனாலேயே தொழிலை விட்டுப் போகிறார்கள். ஜூனியருக்கு நகரத்தில் இருபதாயிரம், கிராமப்புறத்தில் பதினைந்தாயிரம் என்று இந்திய பார் கவுன்சில் 2024 அக்டோபரில் சொன்னது, சொன்னது பரிந்துரையாக. சிறிய ஊர்ச் சீனியரால் அதையே கொடுக்க முடியுமா என்பது உண்மையான சந்தேகம். தேர்வில் தேற அளிக்கப்படும் அந்த இரண்டு தற்காலிக ஆண்டுகள் ஏற்கெனவே விதியில் இருக்கின்றன. அவற்றையே பயிற்சிக் காலமாக எழுதிவிட்டு, சம்பளத்தில் பாதியைச் சட்ட உதவி ஆணையத்தின் கணக்கில் ஏற்றி, பதிலுக்கு வாரத்தில் இரண்டு நாள் அந்த ஜூனியரைச் சிறைக்கும் வெளித்தீவுகளின் முகாம்களுக்கும் அனுப்பலாம். கார் நிக்கோபாருக்கும் கட்சாலுக்கும் போகும் கப்பலில் தீவுவாசிக்குக் கட்டணச் சலுகை முன்பே உண்டு.