குடித்தலும் சுவைத்தலும்

எனது மேசை லாச்சிக்குள் நீல அட்டை போட்ட கொப்பி ஒன்று கிடக்கிறது. பத்திரிகையாளனின் கொப்பி என்றால் அரசியல் இரகசியங்கள் இருக்கக்கூடும் என்று எண்ணி, அண்மையில் அதனைப் புரட்டிப் பார்த்த இளம் நிருபர் ஒருவர் பெரிதும் ஏமாந்துபோனார். "வாழைப்பழம், கராம்பு, பின்னர் மெல்லிய புளிப்பு" என்று ஒரு பக்கம். "வறுத்த கோப்பி, பனங்கட்டி, இறுதியில் கருகற் கசப்பு" என்று இன்னொரு பக்கம். "பழைய வைக்கோல், ஈரச்சுவர், பச்சை அப்பிள்" என்று மற்றொன்று.

"என்ன சேர், சமையற் குறிப்போ?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி, பியர்" என்றேன்.

அவருடைய முகம் மாறியது. கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சேர் குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு அண்மித்த காலம் பிறரிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். ஆயினும் அந்த ஒற்றைக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல என்னால் இயலவில்லை. நமது சமூகத்தில் மனிதர் இருவகையினர்: குடிப்பவர், குடிக்காதவர். மூன்றாவது வகையொன்றுக்கு நம்மிடம் சொல்லே இல்லை. அந்தச் சொல் இல்லாமற்போன கதையைத்தான் இங்கு எழுத முனைகிறேன்.

பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டம் பெற்று, 1996இல் கொழும்பிலுள்ள பத்திரிகையொன்றின் ஆசிரியபீடத்தில் சேர்ந்தபோது, எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு மூத்த உபஆசிரியர். சொல்லில் அவருக்கிருந்த பிடிவாதம் அசாதாரணமானது. 'பலர்' என்று எழுதினால் எத்தனை பேர் என்று கேட்பார். 'பரபரப்பு' என்று எழுதினால், யார் ஓடினார், யார் கத்தினார், அதை எழுது என்பார். ஒரு பொருளுக்குரிய சொல்லைத் தேடாமல் பக்கத்துச் சொல்லை எடுத்து ஒட்டுகிறவனை அவர் மன்னித்ததே இல்லை.

அதே மனிதர், இரவில் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனதும், சாராயத்தை நாக்கில் படாமல் தொண்டைக்குள் ஊற்றுவார். ஊற்றிவிட்டு முகத்தைச் சுளிப்பார். அதன் சுவை என்னவென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. ஈரல் கெட்டு 2003இல் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. மரணவீட்டிலிருந்து திரும்பிய இரவு, "உங்கடை கந்தோரிலை இனி ஆர் அடுத்தது?" என்று என் மனைவி கேட்டாள். அவருக்குப் பலதடவை சோறு போட்டவள் அவள். அன்றுமுதல் ஒன்பது ஆண்டுகள் நான் எதையும் தொடவில்லை.

2012இல் அக்காவின் மகளுடைய திருமணத்துக்காக லண்டன் சென்றிருந்தேன். கலியாணக் களைப்பெல்லாம் தீர்ந்த ஒரு மாலை, அத்தான் என்னைத் தெருமுனையிலிருந்த 'பப்' ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். நான் தயங்கினேன். "தம்பி, அரைக் கிளாஸ்தான். ஆனால் தண்ணி மாதிரி விழுங்காதையும். வாயிலை வைச்சிருந்து, என்ன தெரியுதெண்டு எனக்குச் சொல்லும்" என்றார்.

பீப்பாவிலிருந்து கைப்பம்பினால் இழுத்து ஊற்றிய 'பிற்றர்' அது. நமது ஊரிற்போலப் பல் கூசும் குளிர் இல்லை. பீப்பாவுக்குள்ளேயே நொதித்து முடியும் இவ்வகைப் பியரை நிலவறைக் குளிரில், ஏறத்தாழ 12 பாகை செல்சியஸில்தான் பரிமாறுவர். இம்மரபு பெருங் கம்பனிகளின் கையில் அழிந்துவிடக்கூடாது என்பதற்காக 1971இல் அங்கு ஓர் இயக்கமே தொடங்கப்பட்டது. எனக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. "கசப்பு" என்றேன். "என்ன கசப்பு?" என்றார். நான் திகைத்துப்போனேன். இறந்துபோன என் உபஆசிரியர் எதிரில் அமர்ந்து கேட்பதுபோல் இருந்தது. மறுபடி ஒரு வாய் எடுத்தேன். தோடம்பழத் தோலைக் கடித்தாற்போல ஒன்று. அதன் பின்னால் பிஸ்கட் மணம். அதற்கும் பின்னால் நீண்டநேரம் நின்ற ஒரு வரட்சி. பையிலிருந்த கொப்பியை எடுத்து எழுதினேன். அரைக் கிளாஸுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

அன்று தொடங்கியது இந்தப் பொழுதுபோக்கு. உறவினர் கொண்டுவரும் போத்தல்கள், எப்போதாவது வாய்க்கும் பயணங்கள், கொழும்பில் கிடைப்பவை என்று மெல்ல மெல்லக் கொப்பி நிறைந்தது. பியர் என்றால் மஞ்சள்நிற லாகர் ஒன்றே என்று எண்ணியிருந்த எனக்கு, அது நூற்றுக்கணக்கானவற்றுள் ஒன்றே என்பது வியப்பாயிருந்தது. தெளிந்த பொன்னிற 'பில்ஸ்னர்' 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் பிறந்தது. அதற்கு முன்னர் பியர் பெரும்பாலும் மங்கலாகவோ கருமையாகவோதான் இருந்தது. ஜேர்மனியின் தெற்கில் கோதுமை கலந்து வடிக்கும் பியரில் வாழைப்பழமும் கராம்பும் மணக்கும். ஆனால் அதற்குள் வாழைப்பழமும் இல்லை, கராம்பும் இல்லை. அவ்வளவும் மதுவம் செய்யும் வேலை.

இவற்றுக்கெல்லாம் வகை பிரித்துப் பெயர் சொன்னவர் யார் என்று தேடியபோது, அவரும் என் தொழிற்காரரே என்று அறிந்தேன். மைக்கேல் ஜாக்சன்! பாடகரல்லர், பெயரால் மட்டுமே ஒன்றுபட்ட ஆங்கிலேயப் பத்திரிகையாளர். பதின்ம வயதில் உள்ளூர்ப் பத்திரிகையொன்றில் நிருபராகத் தொடங்கிய அவர், 1977இல் உலகப் பியர்களைப் பற்றி வெளியிட்ட நூல்தான், இன்று நாம் பேசும் 'பியர் வகைகள்' என்ற எண்ணத்துக்கே அடித்தளம் இட்டது. அவர் புதிதாக எதையும் வடிக்கவில்லை. ஊரூராகச் சென்றார், கேட்டார், சுவைத்தார், எழுதினார். மறைந்துபோகும் நிலையிலிருந்த பெல்ஜியத்துக் கிராமத்துப் பியர்களுக்கு அந்த எழுத்து மறுவாழ்வு தந்தது. 2007இல் அவர் காலமானார். நமது லயன் ஸ்டவுட்டையும் அவர் வாயாரப் புகழ்ந்து எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. என் ஊர்க் கடைகளில் தூசி படிந்து நின்ற கறுப்புப் போத்தலின் அருமையை ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. 8.8 வீத மதுசாரம் கொண்ட அந்த ஸ்டவுட்டை, நுவரெலியாவில் தொடங்கிய மரபின் தொடர்ச்சியாக, இப்போது பியகமவில் வடிக்கின்றனர். கோப்பியும் பனங்கட்டியும் என்று என் கொப்பியில் இருப்பது அதைப் பற்றித்தான்.

நிற்க.

லண்டனிலிருந்து ஊர் திரும்பு முன்னர், ரயிலில் ஒருநாள் பிரஸ்ஸல்ஸ் சென்றுவந்தோம். தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் 'கான்தியோன்' என்ற வடிசாலை உள்ளது. 1900இல் ஒரு குடும்பம் தொடங்கியது, அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. 'லாம்பிக்' என்னும் பியரை அங்கு வடிக்கிறார்கள். முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத கோதுமையும் ஊறிய சாற்றைப் பழைய ஹொப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து, கூரைக்குக் கீழே அகன்ற ஆழமற்ற செப்புத் தொட்டியொன்றில் இரவு முழுதும் திறந்து விடுகிறார்கள். மதுவத்தை எவரும் சேர்ப்பதில்லை. இரவுக் காற்றிலும் அந்தக் கட்டடத்தின் மரங்களிலும் வாழும் மதுவமும் பற்றீரியாவும் தாமாகவே இறங்கி வேலையைத் தொடங்கும். இதனால் குளிர்காலத்தில் மட்டுமே வடிப்பர். பின்னர் மரப்பீப்பாக்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுச் சரக்குகளைக் கலந்து போத்தலில் மறுபடி நொதிக்க விட்டால் அது 'கேஸ்'. பீப்பாக்களுக்கிடையே சிலந்திவலைகள் தொங்குகின்றன. ஈக்களைப் பிடிப்பதால் அவற்றை எவரும் கலைப்பதில்லை.

சுற்றிப்பார்த்து முடிந்ததும் ஒரு சிறு கிளாஸில் ஊற்றித் தந்தார்கள். முதல் வாய் உள்ளே போனதும் நான் அசையாமல் நின்றுவிட்டேன். அந்தப் புளிப்பு எனக்குப் புதிதன்று. அந்த மணமும் புதிதன்று.

அது கள்ளின் மணம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பனங்காணியில் சீவல் தொழில் செய்த முதியவர் ஒருவர் இருந்தார். காணிக்காரரான என் அப்பப்பாவுக்கென ஒரு போத்தல் கள்ளை நாள்தோறும் கொண்டுவருவார். முன்வாசலால் அல்ல, கொல்லைப் படலையால். படலைக்கு வெளியே நின்றபடி, "நயினார்" என்று கூப்பிடுவார். கள்ளைக் கொடுக்கும்போது ஏதேனும் சொல்வார்: இது வடக்கு வேலிப் பனை, இன்றைக்குக் கொஞ்சம் கடுமை, இது பெண்பனை, இது ஆண்பனை, இது விடியற்காலம் இறக்கியது, பின்னேரம்வரை வைத்தால் புளித்துவிடும், நேற்று மழை, அதனால் இப்படி. அப்பப்பா "சரி சரி, வைச்சிட்டுப் போ" என்பார். சிறுவனான நான் வேலியோரம் நின்று கேட்டிருக்கிறேன். நாங்கள் எவரும் அவரிடம் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்டதில்லை. அவர் கிண்ணத்தைத் தொடுவதையே பொறுக்காத வீடு, அவர் சொல்லை எப்படிப் பொறுக்கும்?

கள்ளுக்கும் எவரும் மதுவம் சேர்ப்பதில்லை. பாளையிலிருந்து சொட்டும் இனிப்புச் சாற்றில், காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவம் தானே இறங்கிச் சில மணித்தியாலங்களுள் நொதிக்கச் செய்கிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது; அது கருப்பநீர். அதாவது, பிரஸ்ஸல்ஸில் கட்டணம் கொடுத்து, பக்தியோடு நான் கேட்டறிந்த அதே இயற்கையை, எங்கள் கொல்லைப் படலையில் நின்று ஒருவர் நாள்தோறும் இலவசமாக விளக்கியிருக்கிறார். அங்கு அதற்கு அருங்காட்சியகம். இங்கு அதற்குத் தவறணை. அதையும் பெயர் சொல்லிக் கதைப்பது நாகரிகமில்லை. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது அச்செய்தியைத் தமிழாக்கியவனும் நானே. ஐந்து வரிச் செய்தி. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த ஆண்டு ஊருக்குப் போனபோது அந்த முதியவரின் மகனைத் தேடிச் சென்றேன். ஐந்தாம் வகுப்புவரை என்னோடு படித்தவன். முதியவர் 1995 இடப்பெயர்வோடு ஊரைவிட்டுச் சென்றவர், திரும்பி வரவேயில்லை, வன்னியில் இறந்துவிட்டாராம். மகன் சீவல் தொழிலுக்குப் போகவில்லை. நான் பிரஸ்ஸல்ஸ் கதையைச் சொல்லி முடித்ததும் அவன் சிரித்தான். "இதைத்தானே அப்பு உன்ரை அப்பப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் சொன்னவர்" என்றான். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் அது நியாயமானதே.

கொப்பியை எடுத்து, உன் தகப்பனார் கள்ளைப் பற்றிச் சொன்ன சொற்கள் எவையெவை நினைவிருக்கின்றன என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தான். ஐந்தாறு சொற்களுக்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை. "அவர் மரத்திலை ஏறேக்கை சொல்லுவார். எனக்கு அது பிடிக்காது. பள்ளிக்கூடத்திலை பகிடி பண்ணுவாங்கள் எண்டு காதைப் பொத்திக்கொள்ளுவன்" என்றான். நான் கேளாததற்கு ஒரு காரணம். அவன் கேளாததற்கு இன்னொரு காரணம். இரண்டு காரணங்களும் எங்கள் வீட்டுக் கொல்லைப் படலையில்தான் தொடங்கின. ஒரு மைக்கேல் ஜாக்சன் எங்கள் ஊருக்கும் தேவைப்பட்டிருந்தார். அந்த வேலைக்குத் தகுதியான ஒருவன் வேலியோரம் நின்றுகொண்டுதான் இருந்தான். அவன் எழுதவில்லை.

இவ்வளவையும் சொல்வதால், குடியை நான் அழகுபடுத்துவதாக எவரும் எண்ணவேண்டாம். எத்தனை சொல் தெரிந்தாலும் ஈரலுக்கு அது விளங்காது. 2020இல் ஊரடங்கு நீண்டுகொண்டிருந்த ஓர் இரவு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று போத்தல்கள் திறந்தேன். மறுநாட் காலை தேநீரோடு வந்த மனைவி, அந்த நீலக் கொப்பியை என்முன் விரித்துவைத்தாள். நேற்றைய திகதியிட்ட பக்கம் வெறுமையாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். அன்றுமுதல் எனக்கு ஒரு விதி: எழுதச் சொல் வராத நாளில் போத்தலைத் திறப்பதில்லை. திறப்பதும் ஒன்றே. அதிலும் கால்வாசியை அவள் எடுத்து, முகர்ந்து பார்த்து, "இதென்ன, மாட்டுக்கொட்டில் மணம்" என்று சொல்வாள். லாம்பிக்கைப் பொறுத்தவரை அது மிகச் சரியான குறிப்பு. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

என் உபஆசிரியர் இறந்த வயதை நான் கடந்துவிட்டேன். சொல்லுக்காக அவ்வளவு பாடுபட்ட மனிதர், தன் கையிலிருந்த கிளாஸுக்கு மட்டும் ஒரு சொல்லைத் தேடாமல் போனாரே என்று சில இரவுகளில் எண்ணுவதுண்டு. தேடியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் யார்? ஆனால் சற்று மெதுவாகக் குடித்திருப்பார்.

அந்த இளம் நிருபருக்கு அன்று பதில் சொல்லாமல் கொப்பியை வாங்கி லாச்சிக்குள் வைத்துவிட்டேன். மறுமுறை அவர் வந்தால் கடைசிப் பக்கத்தைக் காட்டுவதாக இருக்கிறேன். 'கள்' என்று தலைப்பிட்டு, அதன் கீழ் ஐந்தாறு சொற்கள் எழுதப்பட்டிருக்கும். மிகுதிப் பக்கம் வெறுமை. அவருடைய ஊரிலாவது அதை நிரப்பக்கூடிய முதியவர் யாராவது உயிரோடிருக்கிறாரா என்று கேட்கவேண்டும்.