டா, டி, நீங்க

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தது 2022இல். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த ஒருத்தி ஒரு துண்டுச் சீட்டை என் நோட்டுக்குள் செருகினாள். அதில் ஒரு பெண் பெயர். "இனிமே என்னை இப்படிக் கூப்பிடுறியா?" என்று கேட்டாள். நானும் ரொம்பப் பெருந்தன்மையாக, "சரிடா" என்றேன்!

சொன்ன பிறகுதான் உறைத்தது. பெயரை மாற்றிக்கொள்வது சுலபம். ஐந்து வருடமாக நாக்கில் ஒட்டியிருக்கும் 'டா'வைப் பிய்த்து எடுப்பதுதான் கஷ்டம். (இங்கே 'ஒருத்தி' என்று எழுதியிருக்கிறேனே, அன்றைக்கு அதுவும் வந்திருக்காது.)

ஆங்கிலத்தில் ஹீ, ஷீ என்பதைக் கவனித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. தமிழில் வினைமுற்றும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். 'அவன்' என்பதை விழுங்கிவிட்டாலும் வாக்கியம் 'வந்தான்' என்று போய் முடியும். சரி, நேரில் பேசும்போது 'நீ'க்கு ஆண்பால் பெண்பால் கிடையாதே என்று நிம்மதியாக இருந்தால், அங்கே இந்த டாவும் டியும்.

நான் கண்டுபிடித்த குறுக்குவழி, மரியாதை. "வாங்க", "சாப்பிட்டீங்களா", மற்றவர்களிடம் சொல்லும்போது "அவங்க வந்தாங்க". தப்பே வராது. நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அவளே கேட்டுவிட்டாள்: "எல்லாரையும் டி போட்டுக் கூப்பிடுற. என்னை மட்டும் எதுக்கு கலெக்டரம்மா மாதிரி 'நீங்க'ங்கற?"

என்னிடம் பதில் இல்லை. மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளைத் தோழிகள் வரிசையிலிருந்து எழுப்பித் தள்ளி உட்கார வைத்திருந்தேன்.

எங்கள் தமிழம்மாவிடம் இதைச் சொன்னபோது நன்னூலை எடுத்துக் காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலாகவும் சொல்ல வேண்டும் என்கிறது ஒரு நூற்பா. விரும்புவது எதுவோ அதுதான் கணக்கு! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதே நூற்பாவின் கடைசி வரி, இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று முடிகிறது. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது நியாயமில்லை. 'அது' என்று சொல்லிச் சிரிக்கும் பையன்கள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். அவர்கள் நன்னூல் படித்தவர்கள் இல்லை.

அந்த ஆகஸ்டில்தான் தமிழக அரசு அரசிதழில் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டிருந்தது. திருநர், திருநங்கை, திருநம்பி என்று எப்படி அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. எங்கள் பள்ளிக்குள் அது வந்ததாகத் தெரியவில்லை. வகுப்பாசிரியர் தினமும் பழைய பெயரையே வாசித்தார். அவள் எழுந்து நிற்பாள், "உள்ளேன் ஐயா" மட்டும் சொல்ல மாட்டாள். கேட்டதற்கு, "ரெக்கார்டுல இருக்கிறதத்தாம்மா நான் கூப்பிட முடியும்" என்றார். கெட்டவர் இல்லை, பதிவேட்டுக்குப் பயந்தவர். பதிவேட்டில் இல்லாத ஒன்றையும் நான் பார்த்தேன். காலையிலிருந்து நாலேகால் வரை அவள் தண்ணீரே குடிக்க மாட்டாள். பையன்கள் கழிப்பறைக்குப் போனால் கேலி, பெண்கள் பக்கம் போக அனுமதி இல்லை. அவள் பாட்டில் எப்போதும் நிறைந்தே இருக்கும். நான் அதை வாங்கிக் குடித்திருக்கிறேன், காரணம் தெரியாமல்.

2019ஆம் ஆண்டின் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரோ காப்பாளரோதான் விண்ணப்பிக்க வேண்டும். அவள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. அதனால் பொதுத்தேர்வுக்கும் பழைய பெயர்தான். ஹால் டிக்கெட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே எல்லாப் பரீட்சையும் எழுதினாள்.

பதினெட்டு முடிந்ததும் அவளே விண்ணப்பித்து வாங்கிவிட்டாள். அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "போட்டோல நல்லாவே இல்லடி" என்று பதில் போட்டேன். இப்போது மதிப்பெண் சான்றிதழில் பெயரை மாற்ற வேண்டும். அதற்குப் பழைய பள்ளிக்குப் போய்க் கையெழுத்துக் கேட்கத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் கூடப் போகிறேன்.