மஞ்சள் விளக்கு எரிந்தால் விளக்கை அணைக்காதீர்கள்



"இன்னுமா சார் அந்தப் பழைய காரை வச்சிருக்கீங்க?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறீர்கள். 2011-இல் வாங்கிய பெட்ரோல் வண்டி. ஓய்வூதியத்தில் புது வண்டிக்குத் தவணை கட்டுவது கஷ்டம். மாதம் இரண்டு முறை வீட்டம்மாவைச் சிகிச்சைக்கு மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வந்து, நாற்கரச் சாலையைப் பிடித்து மதுரை போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். ஆகவே வண்டியை நம்பித்தான் ஆக வேண்டும். அதற்கு வந்த ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் உங்களில் சிலருக்காவது பயன்படும்.

மாசி மாதம் ஒருநாள் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு அணையவே இல்லை. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதினொன்றுக்கு இறங்கியது. சைலன்சர் வாயில் விரல் வைத்தால் கரி. வாசலில் ஓடவிட்டால் பெட்ரோல் வாடை. பேத்தி விளையாடுவது அந்த வாசலில்தான்.

முதலில் காட்டிய இடத்தில், "ஆக்சிஜன் சென்சார் போயிருச்சு சார். வயரைக் கழட்டி விட்டுருவோம், விளக்கையும் எரியாமப் பண்ணிருவோம். வண்டி பாட்டுக்கு ஓடும்" என்றார்கள். ஓடும்தான். ஆனால் அந்தச் சென்சார் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதற்குச் சம்மதிக்க மாட்டீர்கள்.

நம் பக்கம் சீமைக்கருவேல் விறகை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அளந்து விட்டால் கரி, கூடிப்போனால் சாம்பல். மூட்டக்காரரால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. வெளியே வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே துளையை அடைப்பார், திறப்பார். காரில் புகையைப் பார்க்கும் கண்தான் ஆக்சிஜன் சென்சார்.

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். சென்சாரின் ஒரு பக்கம் எஞ்சின் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் சிர்கோனியா என்ற பீங்கான். இருபக்க ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது சிறிய மின்னழுத்தம் தரும். பெட்ரோல் கூடி, புகையில் ஆக்சிஜன் குறைந்தால் சுமார் 0.9 வோல்ட். ஆக்சிஜன் மிஞ்சினால் சுமார் 0.1 வோல்ட். அதைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும், கூட்டும். சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் பீங்கான் வேலை செய்யும் என்பதால் உள்ளேயே ஒரு ஹீட்டரும் வைத்திருக்கிறார்கள்.

1976-இல் போஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சார் முதலில் வோல்வோ கார்களில் வந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களை மாற்றி அனுப்பும் பெட்டி அது. சென்சார் கலவையைச் சரியாக வைத்தால்தான் அந்தப் பெட்டி ஒழுங்காக வேலை செய்யும். எரியாத பெட்ரோல் தொடர்ந்து போனால் அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகிவிடும். சென்சாரைவிட அதற்குச் செலவு பல மடங்கு.

வயரைக் கழட்டிவிட்டால் கம்ப்யூட்டர் மனப்பாடக் கணக்கில் பெட்ரோலை ஊற்றும். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தாமல், போன வருடக் குறிப்பை வைத்துக்கொண்டே பாடம் நடத்துகிற மாதிரி. பாடம் நடக்கும், பிள்ளைக்கு ஏறியதா என்று தெரியாது. காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவனுக்கு அது ஒப்பவில்லை.

அருப்புக்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர் ஒருவரிடம் போனேன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஸ்கேனரை மாட்டினார். பி0135 என்று வந்தது. சென்சார் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம்.

"அப்ப சென்சாரை மாத்திரலாமாப்பா?" என்றேன்.

"பொறுங்க சார். கோடு இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது" என்றார்.

ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. எலி, அணில் கடித்திருக்கிறதா என்று வயரைத் தடவிப் பார்த்தார், கடி இல்லை. பிளக் வரை 12 வோல்ட் வந்தது. கடைசியாக மீட்டரை ஹீட்டரில் வைத்தார். உள்ளே அறுந்திருந்தது. ஸ்கேனரில் சென்சாரின் வோல்ட்டைக் காட்டினார். மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய எண் ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தது. அதன் பிறகுதான் "இப்ப மாத்தலாம் சார்" என்றார். சென்சாரும் கூலியும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். இப்போது வாடை இல்லை. மைலேஜ் பதினாலரைக்கு வந்துவிட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. விளக்கு எரிந்தால் கோடைப் படிக்கச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. சென்சாரை வாங்கும் முன் ஃபியூஸ், வயர், புகைக்குழாய்க் கசிவு, கிழிந்த காற்றுக்குழாய் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

3. புதுச் சென்சாரின் முனையில் கிரீஸோ சிலிக்கான் பசையோ படக்கூடாது. கெட்டுவிடும்.

4. "கழட்டி விட்டுருவோம்" என்றால் சம்மதிக்காதீர்கள். மிச்சமாகும் காசைவிட அதிகம் பெட்ரோலில் போய்விடும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது வாசலில் விளையாடும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

வகுப்பில் "சார், எனக்குப் புரியலை" என்று எழுந்து நின்ற பிள்ளைகளை நான் உட்காரச் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைகளால்தான் என் பாடம் திருந்தியது. வண்டியும் அப்படித்தான் கை தூக்குகிறது. என்ன என்று கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். சாலையில் நிதானமாகப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்