கடைசியாக ஒரு கொடை

இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும். கண் தானத்துக்கு எழுதிக்கொடுத்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. அழுகைக்கு நடுவே யாராவது ஒருவர் கண் வங்கிக்கு போன் செய்வார். இன்னொருவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சை வைப்பார்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்திலும் இதே ஆறு மணி நேரக் கணக்கில் ஒரு தானம் நடக்கிறது. ஆனால் அங்கே கொடுப்பவர்கள், கண் வங்கிகள் வேண்டாம் என்று சொல்லிவிடும் மனிதர்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், மருத்துவர்கள் சாரா ஜியனெல்லா, டேவி ஸ்மித் ஆகியோரின் குழு 2017-இல் தொடங்கிய ஆய்வு அது. பெயர் 'லாஸ்ட் கிஃப்ட்'. கடைசிக் கொடை. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர், புற்றுநோய், இதய நோய் என்று வேறு ஏதாவது ஒரு தீராத நோயில் கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கிறார். 'இன்னும் ஆறு மாதம்தான்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே யோசித்து, கேட்டு, கையெழுத்துப் போட்டு இதில் சேர்கிறார்கள். உயிரோடு இருக்கும்வரை அவ்வப்போது ரத்தம் கொடுக்கிறார்கள். இறந்ததும் ஆறு மணி நேரத்துக்குள் பிரேதப் பரிசோதனை. மூளை, குடல், மண்ணீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்கள் என்று பல இடங்களிலிருந்து திசுக்களை எடுத்து உறைய வைக்கிறார்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

எதற்காக இத்தனை அவசரம்? எதற்காக இத்தனை உறுப்புகள்?

1996 வாக்கில் வந்த கூட்டு மருந்து சிகிச்சை, எச்.ஐ.வி.யை உயிர்க்கொல்லி என்ற நிலையிலிருந்து இறக்கி, சர்க்கரை நோய் மாதிரி வாழ்நாளெல்லாம் கவனித்துக்கொள்ளும் நோயாக மாற்றிவிட்டது. தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் வைரஸைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைத்துவிடலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அது திரும்பி வந்துவிடுகிறது. சில வெள்ளணுக்களின் மரபணுவுக்குள்ளேயே புகுந்து, ஓசையில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது வைரஸ். தூங்குகிற வைரஸை மருந்தால் தொட முடியாது. அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் நோயை முழுதாகக் குணப்படுத்தவும் முடியாது.

ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் தெரியாதா என்றால், போதாது. உடம்பில் உள்ள லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டுதான் ரத்தத்தில் ஓடுகின்றன. மீதியெல்லாம் குடலிலும் நிணநீர்க் கணுக்களிலும் மற்ற உறுப்புகளிலும் இருக்கின்றன. உயிரோடு இருப்பவரிடம் கொஞ்சம் ரத்தம் கேட்கலாம், குடலிலிருந்து சிறு துணுக்கு கேட்கலாம். மூளையைக் கேட்க முடியுமா? அதை இறந்தவர்தான் கொடுக்க முடியும். அதுவும் செல்கள் சிதைந்து, அவற்றுக்குள் இருக்கும் தடயங்கள் அழிவதற்குள் கொடுக்க வேண்டும். அதனால்தான் இந்த ஆறு மணி நேரம்.

இப்படிக் கொடுத்தவர்களில் ஆறு பேரின் திசுக்களை ஆராய்ந்த முடிவுகள் 2020-இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியாயின. வைரஸ் ஏதோ ஒரு மூலையில் மட்டும் பதுங்கியிருக்கவில்லை. உடம்பின் ஆழத்தில் பல உறுப்புகளில் அதன் தடம் இருந்தது. ஒரே இடத்திலிருந்து பரவாமல், பல இடங்களிலிருந்தும் மறுபடி கிளம்பக்கூடியது என்பதும் தெரியவந்தது. ஒரு வாசலை அடைத்தால் போதும் என்ற எண்ணத்துக்கு இது முற்றுப்புள்ளி. ஆறு பேர் போகும்போது சொல்லிவிட்டுப் போன சேதி இது.

படிப்பதற்கு எளிதாக இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அவ்வளவு எளிதல்ல.

கணவரோ, மகளோ, பல வருடம் கூடவே இருந்த நண்பரோ, மூச்சு நின்றதும் முதலில் செய்ய வேண்டியது ஆய்வுக் குழுவுக்குத் தகவல் சொல்வது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. குழுவினர் பகல், இரவு, ஞாயிறு என்று பார்க்காமல் எந்த நேரமும் தயாராக இருக்கிறார்கள். இருந்தாலும் அழைக்க வேண்டியவர் வீட்டில் இருப்பவர்தான். கையெழுத்துப் போட்டவரின் விருப்பம் நிறைவேறுவது, அந்த நேரத்தில் கலங்கிப்போய் நிற்கிற ஒருவரின் கையில் இருக்கிறது.

அதனால் இந்தத் தானத்துக்கு முன்னால் இன்னொன்று நடந்தாக வேண்டும். வீட்டாரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். தொற்று இருக்கிறது என்பதை, சாவு வரப்போகிறது என்பதை, இறந்த பின் உடம்பை என்ன செய்ய வேண்டும் என்பதை, மூன்றையும் ஒரே மூச்சில் பேச வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் கஷ்டமான பேச்சுதான். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். அதன் பிறகு எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. இன்னமும் மாத்திரைப் பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு, துணிக்கு அடியில் மறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இதில் சேர்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? நோய் குணமாகாது. ஆயுள் கூடாது. ஆய்வின் முடிவைப் பார்க்க அவர் இருக்கப் போவதில்லை. இது எல்லாமே முதலிலேயே சொல்லப்படுகிறது. தெரிந்துதான் வருகிறார்கள். கரீன் டூபே என்ற ஆய்வாளரின் குழு, சேர்ந்தவர்களோடும் அவர்களுடைய நெருங்கியவர்களோடும் உட்கார்ந்து பேசி, காரணத்தைக் கேட்டு எழுதியிருக்கிறது. பிறருக்கு உதவ வேண்டும், தன் வாழ்வுக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பவை அந்தப் பேச்சுகளில் முன்னால் நின்றன.

அவர்களுடைய தலைமுறை பட்டது கொஞ்சமல்ல. எய்ட்ஸால் இறந்தவர்களின் உடலைத் தொட அமெரிக்காவிலேயே பல ஈமச்சடங்கு நிலையங்கள் மறுத்த காலம் ஒன்று இருந்தது. நியூயார்க்கை ஒட்டிய ஹார்ட் தீவு, கேட்பாரற்ற உடல்களைப் புதைக்கும் இடம். அங்கேகூட 1985-இல் எய்ட்ஸால் இறந்தவர்களை மற்றவர்களோடு சேர்க்காமல், தீவின் ஓரத்தில், வழக்கத்தைவிட ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். 1988-இல் வந்த ஒரு சட்டம், எச்.ஐ.வி. உள்ளவரின் உறுப்பை யாருக்கும் பொருத்தக் கூடாது என்றது. அதே தொற்று உள்ள இன்னொருவருக்குக்கூடக் கொடுக்க முடியவில்லை. அந்தத் தடை தளர்ந்தது 2013-இல்தான்.

யாருக்கும் ஆகாத உடம்பு என்று கால் நூற்றாண்டு சொல்லப்பட்டவர்களிடம், 'உங்கள் உடம்பால்தான் இது முடியும், வேறு யாராலும் முடியாது' என்று ஒரு மருத்துவக் குழு வந்து கேட்கிறது. சிலர் சரி என்கிறார்கள்.

மருந்தில்லாமல் வைரஸிலிருந்து விடுபட்டவர்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். பெர்லினில் 2007-இல் சிகிச்சை பெற்ற டிமதி ரே பிரவுன்தான் அவர்களில் முதலாமவர். ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை அவருக்கு வழி திறந்தது. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை, தினம் ஒரு மாத்திரையில் நலமாக இருப்பவர்களுக்குச் செய்ய முடியாது. எல்லோருக்கும் ஆகக்கூடிய வழியை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தேடுகிறவர்கள் புதிதாக ஒரு கேள்வியோடு வரும்போது பதில் பார்க்க, அந்தத் திசுக்கள் சான் டியேகோவின் உறைபெட்டிகளில் இருக்கின்றன.