இரண்டு படம், இரண்டு கேம், இரண்டு அல்பம்

“அண்ணா, எங்கட சனத்தைப் பற்றி ஒரு நல்ல படம் சொல்லுங்கோ” என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். அந்தப் படத்தில் ஒரு தமிழர்கூட இல்லை. கோபப்படாதீர்கள், சொல்கிறேன்.

முதலில் நீங்கள் எதிர்பார்க்கும் படம், ‘தீபன்’. 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வாங்கியது. ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் அன்ரனிதாசன் யேசுதாசன்தான் கதாநாயகன். முன்பின் தெரியாத மூன்று பேர், செத்துப்போனவர்களின் பாஸ்போட்டில் ஒரு குடும்பமாக நடித்துக்கொண்டு பிரான்ஸுக்கு வருகிறார்கள். அந்தப் பொய்க் குடும்பம் மெல்ல மெல்ல உண்மைக் குடும்பமாகும் பகுதிகளை நான் நாலைந்து தரம் பார்த்திருக்கிறேன். கடைசியில் படம் துப்பாக்கிச் சண்டையாக மாறிவிடுகிறது. கதையில் ஒரு முன்னாள் போராளி வந்தால் அவன் முடிவில் சுட்டே ஆகவேண்டும் போல!

ஆனால் என் பிரச்சினை வேறு. எங்களைப் பற்றிய படம் என்றால் நாங்கள் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரித்தான் பார்க்கிறோம். இவருடைய பேச்சு எந்த ஊர், அந்தச் சொல் சரியா, சாப்பாட்டை இப்படியா பரிமாறுவார்கள்... என் தொழிலே மற்றவர்களின் மென்பொருளில் பிழை பிடிப்பது. படத்தையும் அப்படிப் பார்த்தால் படம் உள்ளே இறங்காது.

நான் சொல்ல வந்த படம் ‘இன்சென்டீஸ்’. 2010, இயக்கம் டெனி வில்நெவ். (‘டியூன்’ எடுத்த அதே ஆள்தான். கியூபெக்காரர்.) லெபனானில் பிறந்து, பிள்ளையாக இருக்கும்போதே போரால் நாட்டை விட்டு வந்து, பிறகு மொன்றியலில் வளர்ந்த வஜ்டி முவாவாட் எழுதிய நாடகம்தான் மூலம். மொன்றியலில் ஒரு தாய் இறக்கிறாள். உயிலை வாசிக்கும் நொத்தாரிசு அவளுடைய இரட்டைப் பிள்ளைகளிடம் இரண்டு கடிதங்களைக் கொடுக்கிறார். ஒன்று, இறந்துவிட்டார் என்று அவர்கள் நினைத்த அப்பாவுக்கு. மற்றது, இருப்பதே தெரியாத ஓர் அண்ணனுக்கு. மகள் தாயின் ஊருக்குப் போகிறாள். அங்கே அவளுக்குப் பாஷை தெரியாது, யாரிடம் என்ன கேட்பது என்றும் தெரியாது. முடிவைச் சொல்லமாட்டேன். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் கொஞ்சம் பொறுங்கள், ஒரு பஸ் காட்சி பல நாட்களுக்கு உங்களை விடாது.

படம் தொடங்குவதே ரேடியோஹெட்டின் பாட்டோடுதான். ‘அம்னீசியாக்’, 2001ஆம் ஆண்டு அல்பம். எல்லோரும் அதற்கு முந்தைய ‘கிட் ஏ’யைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே காலத்தில்தான் ஒலிப்பதிவு செய்தார்கள், ஆனால் இது தூக்கத்தில் முனகுகிற மாதிரி இருக்கும். தலைப்பின் அர்த்தம், நினைவை இழந்தவர். படத்தில் வரும் தாய் எதையும் மறக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீடும் அப்படித்தான்.

அதே 2010இல் எங்கள் நகரத்தின் ஆர்கேட் ஃபயர் ‘த சபர்ப்ஸ்’ வெளியிட்டது. அடுத்த ஆண்டு, சிறந்த அல்பத்துக்கான கிராமி அதற்குத்தான். புறநகரின் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி தெருக்கள், சலிப்பு. இல்-பிசாரில் இருந்துகொண்டு கேட்க அதைவிடப் பொருத்தமான இசை இல்லை. ஆனாலும் எனக்கு அதோடு ஒரு சண்டை உண்டு. அந்தச் சலிப்பை வாங்கத்தான் அப்பா இருபது வருடம் இரண்டு வேலை செய்தார். அவருக்கு அது தண்டனை இல்லை, பரிசு.

அந்தச் சலிப்பு ஒருமுறை உடைந்தது. 2017 மே மாத வெள்ளத்தில் ஆறு தெருவுக்கு ஏறியது. மொன்றியலில் அவசரநிலை அறிவித்தார்கள். மண்மூட்டை அடுக்க இராணுவம் தீவுக்குள் வந்தது. உதவிக்கு வந்த பெடியள், சிரித்த முகம், அயலவர்கள் கோப்பி கொடுத்தார்கள். அம்மா ஜன்னல் திரையை இழுத்து மூடினா. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

அதைச் சொல்ல வைத்தது ஒரு வீடியோ கேம். ‘திஸ் வார் ஒஃப் மைன்’. போலந்தில் செய்து 2014இல் வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையை வைத்து உருவாக்கியது. இதில் நீங்கள் போர்வீரன் இல்லை. இடிந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட சாதாரண சனம். பகலில் குறிபார்த்துச் சுடுவார்கள், வெளியே போக முடியாது. இரவில் ஒருவரை அனுப்பிச் சாப்பாடு, மருந்து தேடவேண்டும். போலந்து அரசு பிறகு இதைப் பள்ளி மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலிலும் சேர்த்தது.

2021 ஜனவரியில் கியூபெக் இரவு எட்டு மணி ஊரடங்கு போட்டபோது வரவேற்பறையில் இருந்து இதை விளையாடினேன். அம்மா பின்னால் நின்று பார்த்தா. கொஞ்ச நேரத்தில் கட்டளைகள் வரத் தொடங்கின. “மழைத்தண்ணிக்கு இன்னொரு வாளி வை.” “விறகை ஒரே நாளில முடிக்காதை.” குளிருக்கு அடுப்பில் போட ஒன்றுமில்லாமல் நான் புத்தகங்களை எடுத்தேன். “புத்தகத்தை எரிக்காதை” என்றா. குரல் வேறு மாதிரி இருந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981இல் அவவுக்குப் பதினேழு வயது.

அன்றிரவு கதைத்தா. 1990இல் கரண்ட் நின்றதும், ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து விளக்கெரித்ததும், பற்றரி கிடைக்காமல் மாமா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவில் செய்தி கேட்டதும். “என்ன நடந்தது?” என்று நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். “ஒண்டுமில்லை, சண்டைதான்” என்பதுதான் எப்போதும் பதில். “விளக்குக்கு என்னம்மா செய்தனீங்கள்?” என்று கேட்டால் பதில் இரண்டு மணித்தியாலம் போகிறது.

இனி ‘வெண்பா’. ரொறன்ரோவில் ஒரு தமிழர் செய்த கேம், 2023. அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. தமிழ்நாட்டிலிருந்து கனடா வந்த ஒரு தாய், அவளுடைய அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்புகள், தமிழை விட்டு விலகும் மகன். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், கட்டாயம் விளையாடுங்கள். இதை அம்மாவையே விளையாட வைத்தேன். புட்டுக் குழலைக் கண்டதும் சிரித்தா. “எங்கட வீட்டில நீத்துப்பெட்டியிலதான் அவிக்கிறது.” கேம் அப்படியே நின்றது. 1987 ஐப்பசியில் வீட்டை விட்டு நல்லூர்க் கோயிலுக்கு ஓடும்போது அம்மம்மா கையில் எடுத்தது அந்த நீத்துப்பெட்டியைத்தானாம். நகைப்பெட்டி வீட்டிலேயே கிடந்ததாம்.

மிச்சத்தை இன்னும் விளையாடி முடிக்கவில்லை.